வலை வாங்கும் வேகத்தில் எப்படி ஓடுகிறது? சுசுகி டிஎஃப்9.9பி அவுட்போர்டு, ஒரு மீன்பிடிக்காரனின் பார்வையில்

அவுட்போர்டு எஞ்சின் வாங்கப் போனால் கடையில் முதல் பேச்சே வேகத்தைப் பற்றித்தான். ஆளோடும் ஐஸ் பெட்டியோடும் எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) போகும், அலைக்கு எப்படி ஏறும் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. புன்னைக்காயலில் 24 அடி ஃபைபர் போட் வைத்துத் தொழில் செய்கிறேன். கூட என் மச்சானும் இன்னொரு ஆளும் வருவார்கள். எங்கள் தொழிலில் திராட்டிலை முழுசாகத் திறப்பது போகும்போதும் வரும்போதும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் ஆள் நடக்கிற வேகம். தாமிரபரணி முகத்துவாரத்தில் மணல் திட்டுகளுக்கு நடுவே ஊர்ந்துதான் கடலுக்குள் போக வேண்டும். நண்டு வலையும் சிங்கி இறால் வலையும் விடும்போது வலை சிக்கில்லாமல் இறங்குகிற அளவுக்குத்தான் போட் நகரலாம். வலை வாங்கும்போது, அதாவது கடலில் இருந்து இழுத்து எடுக்கும்போது, இன்னும் மெதுவாக. சீலா மீனுக்குத் தூண்டில் இழுக்கப் போனால் பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேலே மணிக்கணக்கில் ஒரே ஓட்டம், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

ஆக, அந்த வேகத்தில் அணையாமல், புகையாமல், பிளக்கைக் கெடுக்காமல் ஓடுகிற எஞ்சின் எதுவோ அதுதான் எங்களுக்கு நல்ல எஞ்சின். சுசுகி டிஎஃப்9.9பியை நான் அந்த ஒரு கண்ணோடுதான் பார்த்தேன். இதைப் பற்றி இணையத்தில் இருப்பதெல்லாம் வெளிநாட்டில் ஏரியில் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்கள் எழுதியது. உப்புத் தண்ணீரில், மணல் கலங்கிய முகத்துவாரத்தில், வயிற்றுப் பிழைப்புக்கு ஓட்டுகிறவனுக்கு இது எப்படி என்று தமிழில் யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எஞ்சின் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாலு ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 327 சிசி. இதே எஞ்சினைத்தான் 15, 20 குதிரைத்திறன் என்றும் விற்கிறார்கள். 20க்குத் தாங்குகிற சிலிண்டர் 9.9க்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.9 என்று விற்கிற வேறு நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பல 210 சிசியை ஒட்டித்தான் இருக்கும். வலை கனத்து இழுக்கும்போது, குறைந்த சுற்றிலும் மூச்சு வாங்காமல் நிற்பதற்கு இந்தக் கூடுதல் சிசிதான் காரணம். இரண்டாவது விஷயம், இதில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை இன்ஜெக்டர் அளந்து தெளிக்கிறது. அதற்கு பேட்டரியும் வேண்டாம். கயிற்றை இழுத்த உடனே மேக்னெட்டோவில் பிறக்கிற கரண்ட்டே பம்பையும் இன்ஜெக்டரையும் எழுப்பிவிடுகிறது. மெதுவோட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இரண்டு ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் புரியும்.

அந்தக் கதையைச் சொல்லாமல் இதை எடைபோட முடியாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் எரிபொருளோடு கலந்தே உள்ளே போகிறது. முழு வேகத்தில் அது சூட்டில் எரிந்து வெளியே போய்விடும். ஸ்லோவில் அந்தச் சூடு இல்லை. புதுக் கலவை உள்ளே வந்து பழைய புகையை வெளியே தள்ளும் வேலையும் குறைந்த சுற்றில் சரியாக நடக்காது. எரியாத ஆயில் கிராங்க் கேஸின் அடியில் தேங்கும், பிளக் முனையில் கரியாகப் படியும். மண்ணெண்ணெய் என்றால் இன்னும் மோசம். பெட்ரோல் மாதிரி அது சீக்கிரம் ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சினில் துளித் துளியாகவே நிற்கும். இரண்டு மணி நேரம் தூண்டில் இழுத்துவிட்டு, மீன் மாட்டிய நேரத்தில் திராட்டிலைத் திருகினால் எஞ்சின் ஒரு இருமல் இருமி, வெள்ளையாகப் புகை கக்கி, பத்து விநாடி யோசித்துத்தான் எடுக்கும். சில சமயம் எடுக்காமலே அணைந்துவிடும். அப்புறம் பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டியதுதான்.

அதற்கும் வைத்தியம் இருக்கத்தான் செய்கிறது. இப்போதும் இரண்டு ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மெதுவாக ஓடுகிற நேரம் முழுக்க பெட்ரோலில் ஓட்டுங்கள், மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டாம். ஆயில், மோட்டார் பைக்குக்குப் போடுகிற 2டி ஆயில் வேண்டாம். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கிற கடல் எஞ்சின் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அது எரிந்தால் சாம்பல் மிஞ்சாது, மெதுவோட்டத்தில் பிளக்கும் ரிங்கும் தப்பிக்கும். பிளக்கில் ஒரு நம்பர் சூடானதைப் போட்டுப் பார்க்கலாம். என்ஜிகே பிளக்கில் நம்பர் குறையக் குறைய சூடு அதிகம், அதாவது 7க்குப் பதில் 6. நாள் முழுக்க ஸ்லோவிலேயே தொழில் என்றால் கரி பிடிப்பது குறையும். ஆனால் அதே பிளக்கோடு முழு வேகத்தில் நெடுந்தூரம் ஓடினால் பிளக் முனை பழுத்து, பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். எங்கள் மாதிரி இரண்டும் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு அது சரிவராது.

இனி சுசுகிக்கு வருகிறேன். முதலில் தெரிவது புகை இல்லாததுதான். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காற்றுக்கு முதுகு காட்டி மெதுவாகப் போனால், இரண்டு ஸ்ட்ரோக் புகை போட்டை விட்டுப் போகவே போகாது. டில்லரை (எஞ்சினைத் திருப்புகிற கைப்பிடியை) பிடித்திருப்பவன் மூக்கிலேயே நிற்கும். கரைக்கு வந்தபிறகும் தலைவலி விடாது. இதில் அந்தத் தொல்லை சுத்தமாகப் போயிற்று. அடுத்தது சத்தம். ஸ்லோவில், அணியத்தில் (போட்டின் முன்பக்கத்தில்) நிற்கிறவன் சொல்வது கத்தாமலே எனக்குக் கேட்கிறது. "மாமா, வலை பார்ல மாட்டுது, கொஞ்சம் பின்னுக்கு எடுங்க" என்று மச்சான் சாதாரணக் குரலில் சொன்னால் போதும். முன்பு கையைத்தான் ஆட்ட வேண்டும், ராத்திரியில் அதுவும் தெரியாது. வலை வாங்கும்போது விரல் போகிற விபத்தெல்லாம் ஒருவன் சொன்னது இன்னொருவனுக்குக் கேட்காமல் நடப்பதுதான். அதனால் இந்த அமைதியை நான் சொகுசுக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

தூண்டில் இழுத்துக்கொண்டிருக்கும்போது திடீரெனத் திறந்தாலும் இருமல் இல்லை. மூன்று மணி நேரம் ஸ்லோவில் ஓடிய எஞ்சின், கையைத் திருகிய உடனே சுத்தமாக எடுக்கிறது. இதை நான் நம்பாமல் பலமுறை சோதித்துப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை காய்ந்த பழுப்பு நிறத்தில் இருக்கிறது, கரி ஈரம் இல்லை. எரிபொருள் கணக்கிலும் வித்தியாசம் இங்கேதான் அதிகம். பழைய மாதிரி இரண்டு ஸ்ட்ரோக்கில் உள்ளே போகிற எரிபொருளில் கால் பங்கு எரியாமலே வெளியே போய்விடும், மெதுவோட்டத்தில் அதற்கும் மேலே. கடலில் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மிதப்பது நம்முடைய காசுதான். சுசுகியில் ஸ்லோவில் மணிக்கு அரை லிட்டரை ஒட்டித்தான் குடிக்கிறது என்பது என் டாங்கியில் நான் கண்ட கணக்கு.

எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேட்பவர்களுக்கு இது கணக்குப் போட்டே சொல்லக்கூடிய விஷயம். கியரில் போட்டு ஸ்லோவில் விட்டால் எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றை ஒட்டி ஓடும். கீழே கியர் விகிதம் 2.08. ஆகவே ப்ரொப்பல்லர் நிமிடத்துக்கு 430 சுற்று சுற்றும். ப்ரொப்பல்லர் பிட்ச் 9 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு 9 அங்குலம் முன்னே போக வேண்டும், நிமிடத்துக்கு 98 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 3.2 நாட். தண்ணீரில் நழுவுவதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் 2 நாட் சொச்சம். சீலாவுக்கு ரப்பர் மீனோ பளபளக்கும் தகடோ இழுக்கும்போது 4 முதல் 6 நாட் வேண்டும், அதற்கு இது தாராளம். உயிர் இரை போட்டு இழுக்க 2 நாட் சரியாக இருக்கும். நண்டு வலை வாங்கத்தான் 2 நாட் அதிகம்.

அதற்கு எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை. சின்ன அவுட்போர்டு எதுவானாலும் ஸ்லோவில் போட் தானாக நகரத்தான் செய்யும். ஸ்குரூவைத் திருகி ஸ்லோவைக் குறைக்கிற பழக்கம் கார்புரேட்டர் காலத்தோடு போகட்டும். சுற்றை ரொம்பக் குறைத்தால் ஆயில் அழுத்தமும் தண்ணீர் ஓட்டமும் சேர்ந்து குறையும். வேகத்தைக் குறைக்க நல்ல வழி இரண்டு. ஒன்று, பிட்ச் குறைந்த ப்ரொப்பல்லர். 9க்குப் பதில் 7 போட்டால் அதே கணக்கில் 2.5 நாட், நழுவல் போக ஒன்றரை நாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் பிட்ச் குறைந்தால் முழு திராட்டிலில் சுற்று ஏறும். இந்த எஞ்சினுக்கு முழு திராட்டில் சுற்று 4700 முதல் 5700க்குள் நிற்க வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. கனமான ஃபைபர் போட்டில், ஐஸும் வலையும் ஏற்றி ஓட்டுகிறவர்களுக்கு 7, 8 பிட்ச் பொருந்தும். காலி போட்டில் வேகமாகப் பறக்க நினைப்பவர்களுக்குப் பொருந்தாது. பிளக் வயரில் சுற்றி மாட்டுகிற சின்ன ஆர்பிஎம் மீட்டர் கடையில் கிடைக்கிறது. அதை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், காதால் கேட்டு அளக்க வேண்டாம்.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. பழைய பெயிண்ட் வாளியின் அடியில் மூன்று நாலு ஓட்டை போட்டு, கைப்பிடியில் கயிறு கட்டி, போட்டின் நடுப்பகுதியில் இருந்து தண்ணீரில் இறக்கிவிடுங்கள். போட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்றால் நேராகவும் போகும். வேகம் சட்டென்று குறைவது கண்ணுக்கே தெரியும். எஞ்சினுக்குக் கொஞ்சம் பளு கிடைப்பதால் சுற்று ஏறி இறங்காமல் சீராகவும் ஓடும். கயிறு ப்ரொப்பல்லரை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும், அது முக்கியம்.

இன்னொன்று, வேகத்தைக் குறைப்பதாக நினைத்து கியரை நிமிடத்துக்கு இரண்டு தடவை போட்டுப் போட்டு எடுப்பது. வலை வாங்கும்போது இது தவிர்க்க முடியாததுதான், ஆனாலும் போடுகிற விதம் இருக்கிறது. நியூட்ரலில் இருந்து முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளும்போது திராட்டில் முழுசாக மூடியிருக்க வேண்டும், லீவரை ஒரே தள்ளாக டக்கென்று தள்ள வேண்டும். பதமாகப் போடுகிறேன் என்று மெல்ல மெல்லத் தள்ளினால் உள்ளே கியரின் பல் முனைகள் ஒன்றோடொன்று உரசிக் கரகரவென்று தேயும். கியர் ஆயிலை மாற்றும்போது வடிகால் போல்ட்டில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். மை மாதிரி மெல்லிய பூச்சு என்றால் பயமில்லை, சீவல் சீவலாக இரும்புத்துகள் ஒட்டியிருந்தால் கியர் போடுகிற கையைத் திருத்த வேண்டும்.

நாலு ஸ்ட்ரோக் வாங்குகிறவர்கள் எல்லோரும் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஆயிலில் பெட்ரோல் கலக்கிற விஷயம். கம்பெனி எதுவானாலும் இது பொது. எஞ்சின் மெதுவாக, குளிர்ச்சியாக ஓடும்போது சிலிண்டர் சுவரில் படுகிற பெட்ரோல் முழுக்க ஆவியாகாது. கொஞ்சம் ரிங் வழியாகக் கீழே வழிந்து ஆயிலோடு சேரும். ஆயில் குறைந்தால்தான் நமக்குக் கவலை, கூடினால் சந்தோஷப்பட்டுவிடுவோம். உண்மையில் ஆயில் கம்பியில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அது பெட்ரோல். அந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைக் காப்பாற்றாது.

எனக்கு இது நடந்தது, அதற்குக் காரணம் எஞ்சின் இல்லை. சர்வீசுக்கு ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்து வந்தேன். நல்ல ஒர்க்‌ஷாப் என்று பெயர் வாங்கியதுதான். கொஞ்ச நாளில் காலையில் ஆயில் கம்பியை எடுத்தால் அளவு மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறது. மூக்கருகில் கொண்டுபோனால் பெட்ரோல் பங்க் வாடை. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சிலிண்டர் தலையைத் தொட்டுப் பார்த்தால் கை வைத்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு குளிர்ச்சி. தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினேன். உள்ளே காலி. தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு மூடியை மட்டும் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். போய்க் கேட்டதற்கு மெக்கானிக் சொன்ன பதில்: "நம்ம கடல் தண்ணியே சூடுதான அண்ணாச்சி, இது எதுக்கு? உப்பு பிடிச்சு அடைச்சிக்கிட்டா எஞ்சினே சீஸ் ஆயிரும். எல்லாத்துக்கும் எடுத்துத்தான் விடுதோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவர் கற்றது அப்படி. ஆனால் இந்தப் பழக்கம் நம் கடற்கரை முழுக்கப் பரவிக் கிடக்கிறது, இதை எதிர்த்துச் சொல்லியே ஆக வேண்டும். நம் கடல் 28, 30 டிகிரி. தெர்மோஸ்டாட் திறப்பது எஞ்சினைப் பொறுத்து 50, 60 டிகிரியில். அதுவரை தண்ணீரைத் தடுத்து வைத்து எஞ்சினைச் சூடேற விடுவதுதான் அதன் வேலை. நம் தண்ணீர் நமக்கு வெதுவெதுப்பாக இருக்கலாம், எஞ்சினுக்கு அது குளிர்ந்த தண்ணீர்தான். முழு வேகத்தில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டாலும் பெரிதாகத் தெரியாது. மெதுவோட்டத்தில்தான் எஞ்சின் சூடே ஏறாமல், பெட்ரோல் வழிந்து ஆயிலைக் கெடுக்கிறது. புதுசு வாங்கிப் போட்டேன், ஆயில் மாற்றினேன், அதன்பிறகு கம்பியில் அளவு ஏறவில்லை. அடைத்துக்கொள்ளும் என்ற பயம் இருந்தால் அதைச் சோதிப்பது சுலபம். பழைய சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் சூடேறும்போது நடுவில் இருக்கும் வால்வு மெல்ல இறங்கித் திறப்பதைப் பார்க்கலாம். வெளியே எடுத்து ஆறவிட்டால் மூடிக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தால் அது நல்ல தெர்மோஸ்டாட். தொழில் முடிந்து வந்து டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி பத்து நிமிடம் ஓட்டுகிறவர்களுக்கு உப்பு அடைப்பு அவ்வளவு சீக்கிரம் வராது. எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்ட வேண்டும், ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் நல்ல தண்ணீர் உள்ளே சுற்றவே சுற்றாது.

நாள் முழுக்க மெதுவாக ஓடினால், திரும்பி வரும்போது பத்துப் பதினைந்து நிமிடமாவது முக்கால் திராட்டிலில் ஓட்டி வாருங்கள். ஆயிலில் சேர்ந்த கொஞ்ச நஞ்சப் பெட்ரோலும் ஈரமும் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். ஆயில் மாற்றுவதற்குக் கம்பெனி சொல்வது முதலில் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை. தூண்டில் இழுப்பு அதிகம் உள்ள பருவத்தில் நான் 100 வரை காத்திருக்க மாட்டேன், பாதியிலேயே மாற்றிவிடுவேன். மொத்தமே ஒரு லிட்டர் ஆயில். அதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

முகத்துவாரம் பற்றி. மணல் திட்டு மேல் கடக்கும்போது எஞ்சினை ஆழமில்லாத தண்ணீருக்கான கொக்கியில் சாய்த்து நிறுத்தி, ஸ்லோவில் போகிறோம். தண்ணீர் இழுக்கிற சல்லடை முழுகியே இருக்க வேண்டும், அதற்கு மேல் சாய்த்தால் காற்றைத்தான் இழுக்கும். தண்ணீரோடு மணலும் உள்ளே போகிறது, மணல் தின்பது தண்ணீர் பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லர் ரப்பரைத்தான். இம்பெல்லரின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. குறைந்த சுற்றில் அதன் ரப்பர் இதழ்கள் பம்ப் சுவரைத் தொட்டு உரசிக்கொண்டே தண்ணீரை வாரித் தள்ளும். வேகம் ஏறினால் இதழ்கள் மடங்கி, சுழற்சியின் விசையிலேயே தண்ணீர் ஏறும். ஆகவே தேய்ந்த இம்பெல்லர் முழு வேகத்தில் நல்லவன் மாதிரி நடிக்கும், மெதுவோட்டத்தில்தான் காலை வாரும். பக்கவாட்டு ஓட்டையில் இருந்து வருகிற தண்ணீர்க் கோடு ஸ்லோவிலும் அறுபடாமல் விழுகிறதா என்று பாருங்கள். திராட்டில் கொடுத்தால் பீய்ச்சி, ஸ்லோவில் சொட்டுகிறது என்றால் இம்பெல்லரை மாற்ற நேரம் வந்துவிட்டது. எங்களை மாதிரி மணல் வாயில் வழியாகப் போய் வருகிறவர்கள் வருடம் ஒருமுறை கேட்காமலே மாற்றிவிட வேண்டும். ஓட்டையே அடைத்திருந்தால் நைலான் நரம்பை விட்டுக் குத்தினால் போதும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். ரொம்ப நாள் டாங்கியில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். கார்புரேட்டர் எஞ்சினில் முதலில் அடைப்பது நூலளவு ஓட்டை உள்ள ஸ்லோ ஜெட்தான், அதனால்தான் வாரம் ஒன்று சும்மா கிடந்த எஞ்சின் ஸ்லோ நிற்காமல் அடம் பிடிக்கும். இன்ஜெக்டர் எஞ்சினில் இது குறைவு என்றாலும் தண்ணீர் போனால் அதற்கும் வைத்தியச் செலவு பெரிது. தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்றை டாங்கிக்கும், பெட்ரோல் குழாயில் கையால் அமுக்குகிற ரப்பர் பல்புக்கும் நடுவே மாட்டுங்கள். தொழில் இல்லாத நாட்களில் டாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகை இறுக்கி மூடி வையுங்கள்.

இதைத் தாண்டி யோசிக்க வேண்டியவையும் உண்டு. எடை 45 கிலோவை ஒட்டி. அதே திறனுள்ள இரண்டு ஸ்ட்ரோக்கை விட எட்டுப் பத்து கிலோ கூடுதல். ஆற்றுக்குள் போட்டைக் கட்டிவிட்டு எஞ்சினை அதிலேயே விடுகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை. திறந்த கடற்கரையில் ஏற்றி, தினமும் எஞ்சினைக் கழற்றித் தோளில் போட்டு மணலில் நடக்கிறவர்களுக்கு இது நிஜமான கஷ்டம். இன்னொன்று, நாலு ஸ்ட்ரோக்கை இஷ்டப்படி படுக்கப்போட முடியாது. ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று எஞ்சின் மேலேயே படம் ஒட்டியிருக்கும், தூக்குகிற பையன்களுக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி சார்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன எஞ்சின் எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம் இது. சார்ஜிங் காயிலில் எழுதியிருக்கிற ஆம்பியர் உயர்ந்த சுற்றுக்கான கணக்கு. ஸ்லோவில் அதில் சிறு பங்குதான் வரும். ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி, விஎச்எஃப் ரேடியோ, விளக்கு எல்லாம் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூண்டில் இழுத்தால் விடியும்போது பேட்டரி படுத்துவிடும். எஞ்சின் பேட்டரி இல்லாமலே கயிற்றில் ஸ்டார்ட் ஆகும் என்பதால் நடுக்கடலில் நிற்கப் பயமில்லை, ஆனால் கருவிகளுக்குத் தனிப் பேட்டரி கொண்டுபோங்கள்.

விலை இரண்டு ஸ்ட்ரோக்கை விட அதிகம், பெட்ரோலும் மானிய மண்ணெண்ணெயை விட விலை அதிகம். தினமும் இருபது முப்பது கிலோமீட்டர் நேராக ஓடி, நீரோட்டத்தோடு மிதக்கிற வழிவலையை விட்டுவிட்டு எஞ்சினை அணைத்து, காலையில் வாங்கிக்கொண்டு நேராகத் திரும்புகிறவர்களுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு மண்ணெண்ணெய் எஞ்சினே கணக்குக்கு ஒத்துவரும். எங்களை மாதிரி பாரைச் சுற்றிச் சுற்றித் தொழில் செய்கிறவர்கள், நண்டு, சிங்கி வலைக்காரர்கள், தூண்டில்காரர்கள், அலையாத்திக் காட்டுக்குள்ளும் காயலுக்குள்ளும் ஆட்களை ஏற்றிப்போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். 9.9க்கும் 15க்கும் ஒரே எஞ்சின்தானே, 15 வாங்கினால் என்ன என்று கேட்கிறார்கள். ஸ்லோவில் இரண்டும் ஒன்றுதான். கனம் ஏற்றி எதிர்க்காற்றில் திரும்பி வருகிறவர்களுக்கு 15 உதவும். மானியத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வரை அனுமதி என்பதை மட்டும் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது, உங்கள் போட்டின் பின்பலகை உயரத்தை அளந்துகொண்டு போங்கள். 15 அங்குலத்துக்குக் குட்டை ஷாஃப்ட், 20க்கு நீளம். எந்தப் பிட்ச் ப்ரொப்பல்லரோடு தருகிறார்கள் என்று கேளுங்கள், உங்கள் தொழிலைச் சொல்லி குறைந்த பிட்ச் மாற்றிக் கேளுங்கள். கடையில் டிரம்மில் ஓட்டிக் காட்டினால் நியூட்ரலில் உறுமவிட்டுக் காட்டுவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் இறக்கி, கியரில் போட்டு, அரை மணி நேரம் ஸ்லோவிலேயே ஓட்டச் சொல்லுங்கள். அதன்பிறகு நீங்களே டில்லரைப் பிடித்து ஒரே திருகாகத் திறந்து பாருங்கள்.